சீர்திருத்தப் பிரிவைப் பெருக்குகிறவள்

லுசாக்காவில் மணி ஐந்தானதும்
அமைச்சகத்துப் பெரியவர்கள் இறங்கிப் போகிறார்கள்.
நான் ஏறிப் போகிறேன்.
லிஃப்ட் எங்களுக்கில்லை, படிதான்.
ஒரு கையில் வாளி, ஒரு கையில் துடைப்பம்,
வாயில் யாரும் கேட்காத அபிப்பிராயம்.

கேட்டால் சொல்வேன்.
பெயர் நமசிகு.
கன்யாமாவிலிருந்து இரண்டு மினிபஸ் மாறி வருகிறேன்.
பொதுச்சேவைச் சீர்திருத்தப் பிரிவைப்
பதினான்கு வருடமாகப் பெருக்குகிறேன்.
நான் பெருக்கிய தரையைத் தவிர
அங்கே வேறெதுவும் சுத்தமானதாகத் தெரியவில்லை.

மூன்று ஆட்சி பார்த்தாயிற்று.
முதல் ஆட்சியில் நாற்காலிக்குப் பச்சை உறை.
அடுத்ததில் நீலம்.
இப்போது இருப்பவர்கள்
உறையே வேண்டாம், சிக்கனம் என்றார்கள்.
கழற்றிய உறைகள் யார் வீட்டுக்குப் போயின என்று
எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன், அவர் மனைவி நல்லவள்.

அறிக்கைகள் வரும்.
வழவழப்பு அட்டை,
அட்டையில் சிரிக்கும் ஒரு நர்ஸ்.
ஆறு மாதத்தில் அந்த நர்ஸ்
என் கூடைக்கு வந்துவிடுவாள்.
அட்டை அடுப்புக்கு ஆகாது, புகைதான் வரும்.
உள்தாள்களின் பின்பக்கம் வெறுமை.
என் மகள் செபிசோ அதில்தான்
வகுத்தல் கணக்குப் பழகினாள்.
ஆகவே பயனே இல்லை என்று
ஒருநாளும் சொன்னதில்லை நான்.

நான் எழுதினால் ஒரே பக்கம்:
கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் நாற்காலி போடு.
சிஸ்டம் வேலை செய்யவில்லை என்கிறவன்
எப்போது செய்யும் என்றும் சொல்லட்டும்.
கையெழுத்துக்குக் கீழே
பெயரைப் படிக்கிற மாதிரி எழுது.

தம்பி முயுண்டாவின் இறப்புச் சான்றுக்கு
ஒன்பது முறை போனேன்.
ஒன்பதாம் முறை கேட்டான் ஜன்னல் பையன்:
"சம்பந்தப்பட்டவர் நேரில் வர முடியாதா?"
வரிசையே சிரித்தது.
என்ன கேட்டோம் என்று புரிந்ததும்
அவனும் சிரித்தான், முகம் வேறு மாதிரி ஆனது.
மூன்று மாதமாகச் சம்பளம் இல்லையாம் அவனுக்கு.
யாரைத் திட்டுவது என்று
அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்.

கடைசியில் சீர்திருத்தம் வந்தேவிட்டது.
துடைப்பத்துக்கு.
இருபத்திரண்டு பேரையும்
ஒரு கம்பெனிக்குக் கைமாற்றினார்கள்.
அதே வாளி, அதே படி, புதுச் சட்டை.
சட்டைக்குச் சம்பளத்தில் பிடித்தம்.
பதினான்கு வருடம் என்றேன்.
"முதல் நாளிலிருந்து எண்ணுவோம், அம்மா" என்றான்,
மிக மரியாதையாக.

போன வாரம் கூடையில் ஒரு தாள்:
கலந்தாலோசிக்கப்பட்டோர், வருகைப் பட்டியல்.
பதினேழாவது பெயர் என்னுடையது.
பக்கத்தில் கையெழுத்து.
வாலும் கொக்கியுமாக, சங்கிலி மாதிரி.
என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை.
மதிய உணவும் சாப்பிட்டிருக்கிறேன் அன்று,
கோழி என்று போட்டிருந்தது.
அந்த ஒரு தாளைக் கொட்டவில்லை.
நாலாக மடித்து
வாக்காளர் அட்டையோடு வைத்திருக்கிறேன்.

மைத்துனர் முபிதா சிரிக்கிறார்.
"பானை மாறினால் சோளக்களி மாறுமா?
பேசாமல் வீட்டில் தூங்கு."
களி மாறாதுதான்.
அகப்பை யார் கையில் என்றாவது
தெரிய வேண்டாமா, மனுஷா?
அவர் பதில் சொல்லவில்லை.
ரேடியோவைத் திருப்பினார், கரண்ட் போயிருந்தது.

ஆகஸ்டில் மறுபடி வரிசையில் நிற்பேன்.
விடியுமுன்பே, மடக்கு ஸ்டூலோடு.
கட்டைவிரலில் மை வைப்பார்கள்.
என் பிளீச்சிங் பவுடருக்கே அது
ஐந்து நாள் அசையாது, போன முறை பார்த்தேன்.
அந்த ஐந்து நாளும் அவர்கள் மேஜையை
அந்தக் கையால்தான் துடைப்பேன்.
மேஜையை, தொலைபேசியை,
உறையில்லாத நாற்காலியின் கைப்பிடியை.